சுவர் வாங்கிய மூச்சு

சாமு, கோபத்தில் இருந்தால் நீ கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவாய் என்று எனக்குத் தெரியும். உன் நைனாவும் அப்படித்தான். எஞ்சின் சூட்டிலும் வேர்வையிலும் எழுத்து கலைந்து போவதற்குள் இதைப் பிரித்துவிடு. சண்டை போட எழுதவில்லை. சண்டை போட வேண்டுமென்றால் ரயிலேறி ஜோலார்பேட்டைக்கே வந்திருப்பேன். ஆம்பூரிலிருந்து அது என்ன பெரிய தூரமா?

போன மாதம் நீ கொத்தனாரோடு வந்தாய். உன் நைனா எங்கள் கல்யாணத்துக்காகக் கட்டிய அறையின் மேற்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, அடுத்த மழைக்குத் தாங்காது என்று கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொன்னார். ஈஸ்டர் கழிந்ததும் உனக்கும் எஸ்தருக்கும் கல்யாணம். அதற்குள் இடித்துவிட்டு சிமெண்டு வைத்துக் கட்டிவிடலாம் என்றாய். நியாயமான பேச்சுதான். ஆனால் நீ கடப்பாரையைக் கையில் எடுத்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். "மொதல்ல என்ன இடி, அப்புறம் அத இடி" என்று கத்தினேன். கொத்தனார் தலை குனிந்துகொண்டு வெளியே போனார். நீ கடப்பாரையைக் கீழே போட்டாய். "சரிம்மா. செத்துப்போன மனுசனுக்கு ஒரு அறை வச்சிக்கோ. நான் ரயில்வே கோட்டர்ஸ் எழுதி வாங்கிக்கிறேன். எஸ்தர இந்த ஊட்டுக்கு கூட்டினு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ சொன்னதைச் செய்கிறவன். எனக்கு இருப்பதோ நீ ஒருவன். அன்றிலிருந்து அந்தச் சுவரையும் உன்னையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்று எனக்குத் தெரியாதா? பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் அந்தச் சுவர் எனக்கு என்ன என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னை மடக்குவதற்காக இல்லை. நீயும் ஒருத்தியோடு ஓர் அறைக்குள் வாழப் போகிறாய், அதற்காக.

நான் வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன டீச்சராக இருந்தபோது, விடுமுறைக்கு முன்னால் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க ஆம்பூர்க் காளவாயிலிருந்து சுண்ணாம்பு வந்தது. கூடவே காளவாய்க்காரர் மகனும் வந்தார். அவர்தான் உன் நைனா. ஆள் பற்றவில்லை என்று அவரே ஏணிமேல் ஏறி மட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். கீழே நான் பிள்ளைகளுக்குக் கரியமில வாயு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பப்பாளி இலைக் காம்பை அதில் விட்டு ஊதச் சொன்னேன். ஊத ஊத நீர் பாலாகிவிடும். நம் மூச்சிலுள்ள வாயு சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடி கல்லாக மாறுகிறது, அந்தக் கல்லின் தூள்தான் அந்த வெள்ளை என்று சொன்னேன். மேலேயிருந்து ஒரு குரல்: "இன்னா டீச்சரம்மா, மூச்சு கல்லாவுமா? நாங்க மூணு தலமொறையா காளவா வச்சினுகிறோம், எங்களுக்குத் தெரியாதா?" பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம். "இறங்கி வந்து ஊதிப் பாருங்க" என்றேன்.

இறங்கி வந்தார். புருவமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஊதினார், நீர் பாலாயிற்று. அதோடு நிறுத்தக் கூடாதா? முகம் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பால் கலங்கல் தெளிந்து, பழையபடி நீராகிவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. "எங்க போச்சு?" என்று குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதிகமாக மூச்சு சேர்ந்தால் அந்தக் கல் நீரில் கரைந்துவிடும் என்றேன். மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள இதே வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது, பாலாற்றில் வெள்ளம் வரும்போது அது கடலுக்குப் போகிறது, கடலில் நத்தையும் சிப்பியும் அதை எடுத்து ஓடு செய்துகொள்கின்றன, அவை செத்து அடியில் படிந்து, யுகம் யுகமாக அழுந்தி மறுபடி பாறையாகின்றன என்று சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைக்கவே இல்லை. "அப்போ நாங்க காளவால கல்ல வேக வச்சா எளச்சுப் போவுதே, அது ஏன்?" என்று கேட்டார். வெந்த கல் எடை குறைவது அவருக்குத் தெரியும், காரணம் தெரியாது. எந்தக் காலத்திலோ பிடிபட்ட அந்த வாயு சூட்டில் வெளியே போய்விடுகிறது என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளையடிக்கிற வேலை முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். மற்றது உனக்கே தெரியும்.

கல்யாணம் நிச்சயமானதும் ஆற்றோரம் காளவாய்க்குப் பக்கத்தில் இருந்த வீட்டோடு சேர்த்து அந்த அறையைக் கட்ட ஆரம்பித்தார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. பூச்சு ஈரம் விடவில்லை. கல்யாண நாளோ நெருங்கிவிட்டது. நிலக்கரித் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் சீக்கிரம் இறுகும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். காளவாய் வாயருகே மூடிய இடத்தில் தூங்கினவன் எழுந்திருக்க மாட்டான் என்பது அவர் பிறந்தது முதல் கேட்ட பேச்சு. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதில் என்ன செய்தார் தெரியுமா? சுவர் இறுக மூச்சு வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறாள் அல்லவா? தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை முடிந்து வருகிற தோஸ்துகளையெல்லாம் கூப்பிட்டு அந்த அறையில் உட்கார வைத்தார். சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆவாரம்பட்டை வாடையும் தோல் வாடையுமாக அறை நிறைய ஆட்கள். பாட்டு, கதை, வம்பு. எஸ்தருடைய அப்பா தாவீது அதில் முக்கியமான ஆள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவாராம், மூச்சு வீணாகக் கூடாதாம். என் மாமியார் டீ போட்டுப் போட்டுப் பேஜாராகி, "இன்னும் எத்தன நாளு இந்தக் கூத்து? செவுருக்கு மூச்சு குடுக்க வந்தவனுங்க என் மூச்ச வாங்குறானுங்க" என்று கத்தினார்களாம். நான் கல்யாணமாகி வந்தபோது சுவர் மேலே காய்ந்திருந்தது. உள்ளே ஈரம்தான். ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "உங்க ஆட்களின் பேச்செல்லாம் மேலேயே நின்றுவிட்டது போலிருக்கிறதே" என்றேன். அன்று அவர் சிரித்த சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேலூர் ஞாபகமே வரவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புச் சுவர் வெளியிலிருந்துதான் இறுகும். மேலே கெட்டியாகி வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நீங்கள் கல்யாணமான மாதத்திலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் எஸ்தர் ஒன்றுமில்லாததற்கு அழுவாள். நீ ஒன்றுமில்லாததற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவாய். பயப்படாதே. உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நீ பிறந்து வளர்ந்தது அந்த அறையில்தான். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, காளவாயிலிருந்து வந்ததும் அவர் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுவரின் மேல் "ஹா" என்று ஊதச் சொல்வார். நீ எச்சில் தெறிக்க ஊதுவாய். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சுவர் அசிங்கமாகிறதே என்று எரிச்சல் ஒரு பக்கம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவரே வெள்ளையடிப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கடைசி வருஷங்களை நீ பார்த்தாய். காளவாய்ப் புகையும் சுண்ணாம்புத் தூளும் அவர் நெஞ்சைத் தின்றுவிட்டன. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இளைப்பு. கட்டிலை அந்த மேற்குச் சுவரோரம் போடச் சொன்னார். சுவர் குளிர்ச்சியாக இருக்கும், அதில் கன்னத்தை வைத்துக்கொள்வார். ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது, "நான் குடுத்ததெல்லாம் வாங்கி வச்சினு கீது. இப்போ கொஞ்சம் திருப்பிக் குடுடான்னா குடுக்க மாட்டேங்குது பாரு" என்று சுவரைக் காட்டிச் சிரித்தார். சிரித்ததே இருமலாகிவிட்டது. அவர் போன பிறகு நான் அந்த அறைக்கு வெள்ளையடிக்க விடவில்லை. சோம்பல் என்று நீ நினைத்தாய். அவர் முகம் வைத்த இடத்தின்மேல் இன்னொரு பூச்சு ஏறக் கூடாது என்றுதான் விடவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நான் அதிகம் போகாததும் அதனால்தான். அவர் அங்கே இல்லை, இந்தச் சுவரில் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு. தோல் ஷாப்பில் பச்சைத் தோலை அழுக விடாமல் பதனிடுகிறார்களே, அதுபோல நான் என் துக்கத்தைப் பதனிட்டு வைத்திருந்தேன்.

நீ போன பிறகு ஒரு நாள் எஸ்தரும் அவள் அம்மாவும் வந்தார்கள். கல்யாணப் புடவையைக் காட்ட வந்ததாகச் சொன்னார்கள். நீ கோட்டர்ஸ் எழுதிக் கொடுத்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, என்ன சண்டை என்று பார்க்க வந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. எஸ்தர் நேராக அந்த அறைக்குள் போனாள். நல்ல பெண், சாமு. சுற்றி வளைக்கத் தெரியாதவள். "இதானா அத்தே அந்தச் செவுரு?" என்றாள். ஆமாம் என்றேன். அவளிடம் எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குவளையை, பப்பாளிக் காம்பை, சுவருக்காக உட்கார்ந்து கதை பேசினவர்களை. கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்போ எங்கப்பா மூச்சும் இதுல இருக்குதா அத்தே?" என்று கேட்டாள். தாவீது அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காலராவில் போய்விட்டவர். அவளுக்கு அவர் முகமே சரியாக ஞாபகமில்லை. நான் இத்தனை நாளும் அதை நினைத்ததே இல்லை. "இருக்கும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்ச் சுவரில் சாய்ந்து உட்காரப் போனாள்.

"சாஞ்சிக்காத! எந்திரி!" என்று கத்தினேன். அவள் கையைப் பிடித்து இழுத்தே விட்டேன். புடவை கீழே விழுந்தது. அவள் அம்மா பதறிப்போய் ஓடிவந்தார்கள். கொத்தனார் சொன்னபோது நான் நம்பவில்லை, நீ சொன்னபோது நம்பவில்லை. அந்தப் பெண் சாய்ந்ததும் என் வாயே சொல்லிவிட்டது. அந்தச் சுவர் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே உன்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். நீ எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, அதைச் சுவரோரம் தொட்டிலில் போட்டிருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு தனியாக உட்கார்ந்து, டீச்சராக இருந்தவளாயிற்றே, கொஞ்சம் யோசித்தேன். அந்தச் சுவர் பிடித்து வைத்திருப்பதில் உன் நைனாவின் மூச்சு எவ்வளவு இருக்கும்? தாவீது, மற்ற தோஸ்துகள், என் மாமியார் திட்டினது, நீ எச்சில் தெறிக்க ஊதினது, எல்லாம் சேர்த்தாலும் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வெளிக் காற்று. காளவாயிலிருந்து கிளம்பினது, மாட்டு வண்டியை இழுக்கிற மாடு விட்டது, ஆற்றங்கரைச் சருகு மக்கினதில் வந்தது. நீ எஞ்சினில் வாரிப் போடுகிறாயே நிலக்கரி, அது எந்தக் காலத்திலோ புதைந்த காடு என்று படித்திருக்கிறாய். அந்தக் காடு அன்றைக்கு எடுத்த காற்றை நீ இப்போது புகைபோக்கி வழியாகத் திருப்பிக் கொடுக்கிறாய். அதிலும் கொஞ்சம் இங்கே வந்திருக்கும். யாருடையது எது என்று பிரிக்க முடியாது. உன் நைனா வாழ்ந்த காலமெல்லாம் விட்ட மூச்சில் பெரும்பகுதி சுவருக்கு வரவே இல்லை. கதவு வழியாகப் போய் மலையடிவாரத்து ஆவாரஞ்செடி இலையில் ஏறியிருக்கும். ஆடு மேய்ந்திருக்கும். நெல்லில் ஏறி நாம் சோறாகச் சாப்பிட்டிருப்போம். நான் இந்த அறையில் பூட்டி வைத்ததுதான் எங்கும் போகாமல் நின்றுவிட்டது. இது எனக்குத் தெரியாத பாடமா? பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன். நமக்கென்று வரும்போது படித்தது எதுவும் கைகொடுப்பதில்லை, சாமு.

போன திங்கட்கிழமை நானே கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். இடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கரண்டியால் சுவரைச் சுரண்டினேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உன் நைனா அடித்த வெள்ளை ஏடு ஏடாகக் கழன்று வந்தது. கூடையில் சேர்த்துக் காளவாய்க்கு எடுத்துப் போனேன். நைனாவுக்குப் பிறகு காளவாயைப் பார்த்துக்கொள்கிற மஸ்தான் பாய் கூடையைப் பார்த்தார். "இன்னாம்மா இது? செவுத்துச் சுண்ணாம்பா? மண்ணு கலந்திருந்தா வேகாதும்மா, கட்டியாப் பூடும்" என்றார். மண் கலக்காமல் சுரண்டியிருக்கிறேன், மேலே போட்டு வேக வையுங்கள் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கூடையை வாங்கி, கல்லுக்கும் விறகுக்கும் மேலே அவரே பரப்பினார்.

பற்றவைத்ததும் காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றேன். புகை கண்ணுக்குத் தெரிந்தது. நான் பார்க்க வந்த வாயு தெரியாது, அதற்கு நிறம் கிடையாது. இருந்தாலும் நின்றேன். உன் நைனாவை அடக்கம் செய்த அன்று எல்லோரும் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை, அதை நீயே ஒருமுறை குத்திக் காட்டியிருக்கிறாய். அன்று வராதது அங்கே வந்தது. மஸ்தான் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகை அடுக்கிக்கொண்டே இருந்தார். உன் நைனாவின் மூச்சு காற்றோடு போய்விட்டது, சாமு. இப்போது எங்கே இருக்கும் என்று கேட்காதே. ஆற்றங்கரைப் புல்லில் இருக்கலாம், வாணியம்பாடியைத் தாண்டியும் போயிருக்கலாம். நீ தண்டவாளத்தில் வேகமாகப் போகும்போது உன் முகத்தில் பட்டிருந்தாலும் பட்டிருக்கும். வெந்த சுண்ணாம்பில் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் மஸ்தான் பாய். வேண்டாம் என்றுவிட்டேன். மற்றதோடு மூட்டையாகித் தோல் ஷாப்புக்குப் போய்விட்டது. இந்நேரம் எந்த ஆட்டுத் தோலின் முடியை உரித்துக்கொண்டிருக்கிறதோ.

சுவர் இடிந்துவிட்டது. கொத்தனாருக்கு வேலை ஒரு காலைப் பொழுதுகூட இல்லை. அத்தனை நாள் நின்றதே பெரிது என்றார். மேற்குப் பக்கம் இப்போது ஆறும் அதற்கப்பால் மலையும் தெரிகின்றன. கோட்டர்ஸ் மனுவைத் திருப்பி வாங்கிக்கொள். வாங்க முடியாது என்றால் அங்கேயே இருங்கள், நான் கோபிக்க மாட்டேன். வர மனமிருந்தால் லீவு போட்டுவிட்டு வா. எஸ்தரையும் கேட்டுக்கொண்டு அறையை உங்கள் இஷ்டம் போல் கட்டிக்கொள்ளுங்கள். சிமெண்டோ சுண்ணாம்போ, நான் வாய் திறக்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மேற்கே ஜன்னலைப் பெரியதாக வை. நீங்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும் பெருமூச்சு விடுவதும் வெளியே போகட்டும். என்றைக்காவது உங்களில் ஒருவர் தனியாக நிற்கும்போது, முகம் வைத்து அழ ஒரு சுவரைத் தேடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடட்டும்.

உன் அம்மா